ஒரே பிழைக்கு மூன்று எண்கள் – சாக்கெட்டின் வரலாறு



கணினி வரலாற்றைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் பெரிய கண்டுபிடிப்புகளையும் பெரிய மனிதர்களையும் பற்றியே எழுதுகிறோம். இம்முறை மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிழை எண்ணின் வரலாறு அது. அதை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018ஆம் ஆண்டு எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு புதிர்ப்போட்டி வைத்தேன். மாணவர்களின் விடைகள் வலையமைப்பின் வழியாக என் மடிக்கணினிக்கு வந்து சேரும்படி பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரலை நானே எழுதியிருந்தேன். என் மடிக்கணினியில் இருப்பது லினக்ஸ். வீட்டில் இரண்டு லினக்ஸ் கணினிகளை வைத்துப் பலமுறை சோதித்துப் பார்த்தேன். பழுதின்றி ஓடியது. ஆசிரியரின் நிரல் தொடங்குவதற்கு முன்பே மாணவர் நிரலைத் திறந்துவிட்டால் “இணைப்பு மறுக்கப்பட்டது” என்னும் பிழை வரும் என்பது எனக்குத் தெரியும். லினக்ஸில் அதன் எண் 111. ஆகவே, “111 வந்தால் ஐந்து விநாடி காத்திருந்து மீண்டும் முயல்க, வேறு எண் வந்தால் நிறுத்துக” என்று எழுதி வைத்திருந்தேன்.

பள்ளியில் இருந்தவை விண்டோஸ் கணினிகள். நான் என் நிரலைத் தொடங்குவதற்குள் ஆர்வமிகுந்த ஒரு மாணவன் தன் கணினியில் நிரலைத் திறந்துவிட்டான். திரையில் “தெரியாத பிழை 10061” என்று தோன்றி நிரல் நின்றுபோயிற்று. அடுத்த நிமிடம் நான் என் நிரலைத் தொடங்கினேன். மற்ற மாணவர்கள் எல்லாருக்கும் இணைப்புக் கிடைத்தது. அவன் ஒருவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. “எதையாவது தொட்டு மாற்றினாயா?” என்று கேட்டேன். “ஐயா, நான் ஒன்றும் செய்யவில்லை” என்றான். நான் நம்பவில்லை. கடிந்துகொண்டு வேறொரு கணினிக்கு அவனை மாற்றினேன். அங்கே உடனே இணைந்தது. என் ஐயம் அதனால் உறுதிப்பட்டது. போட்டியில் பத்து நிமிடத்தை இழந்த அவன், இறுதிவரை தலை நிமிரவே இல்லை.

அன்றிரவு அந்த எண்ணைத் தேடியபோதுதான் உண்மை விளங்கிற்று. 111உம் 10061உம் ஒரே பிழை. பிழை மாணவனிடத்தில் இல்லை. என் நிரலில் இருந்தது. ஒரே நிகழ்வுக்கு ஏன் இருவேறு எண்கள்? அந்தக் கேள்வி என்னை அரை நூற்றாண்டு பின்னோக்கி அழைத்துச் சென்றது.

1. சொல் பிறந்த கதை

சாக்கெட் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சுவரில் மின்செருகியைப் பொருத்தும் துளை. கணினித் துறையில் இச்சொல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்திலேயே வழங்கிற்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமை உருவாக்கிய அந்த வலையமைப்பில் முதற் செய்தி 1969 அக்டோபர் 29ஆம் நாள் சென்றது. அவ்வலையமைப்பின் ஆய்வாளர்கள் தமக்குள் சுற்றுக்கு விட்ட குறிப்புகளில் 147ஆம் எண் குறிப்பு, 1971 மே மாதம் ஜோயல் வினெட் எழுதியது. அதன் தலைப்பே சாக்கெட்டின் வரையறை என்பதுதான்.

அன்றைய நெறிமுறையில் ஓர் இணைப்பு ஒருவழிப் பாதையாகவே இருந்தது. பேச ஒரு துளை, கேட்க ஒரு துளை எனத் தனித்தனியே வேண்டும். கேட்பதற்கு இரட்டைப்படை எண்ணும் பேசுவதற்கு ஒற்றைப்படை எண்ணும் ஒதுக்கப்பட்டன. பின்னர் வந்த டிசிபி நெறிமுறையில் ஒரே இணைப்பில் இருபுறமும் பேசவும் கேட்கவும் முடிந்ததால் இரட்டைப்படை எண்களுக்குத் தேவையில்லாமற் போயிற்று. கோப்புப் பரிமாற்றத்திற்கு 21, டெல்நெட்டுக்கு 23, மின்னஞ்சலுக்கு 25 எனப் பழைய போர்ட் எண்கள் ஒற்றைப்படையாகவே இருப்பதற்கு இதுவே காரணம். பழைய வழக்கம் மறைந்த பின்னும் அதன் தழும்பு எண்களில் தங்கிவிடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் சாரமும் இதுவே.

2. பெர்க்கிலியில் வார்த்த வடிவம்

வின்ட் செர்ஃப், பாப் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததே டிசிபி/ஐபி. 1983 ஜனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. ஆனால் நெறிமுறை என்பது இரண்டு கணினிகளுக்கு இடையிலான உடன்பாடு மட்டுமே. ஒரு நிரலர் தம் நிரலுக்குள்ளிருந்து எந்தக் கட்டளையால் அதைப் பயன்படுத்துவது என்பதை அது வகுத்துச் சொல்லவில்லை.

அதனை வகுத்தவர்கள் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தினர். அதே ஆராய்ச்சி முகமையின் நிதியுதவியோடு 1980ஆம் ஆண்டு அங்கு ஒரு குழு அமைந்தது. பில் ஜாய், சாம் லெஃப்லர் போன்றோர் அதில் பணியாற்றினர். அவர்கள் 1983 ஆகஸ்டில் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பில்தான் இன்று நாம் பயன்படுத்தும் சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட் என்னும் கட்டளைகள் பரவலாக அறிமுகமாயின. இப்போது ஐம்பது வரியில் ஒரு நிரல் எழுதும் மாணவனும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வைத்த பெயர்களையே எழுதுகிறான்.

யூனிக்ஸின் கொள்கைப்படி ஏறத்தாழ எல்லாமே கோப்புதான். சாக்கெட்டையும் ஒரு கோப்பைப் போலவே நடத்தினார்கள். கோப்பைப் படிக்கும் கட்டளையால் சாக்கெட்டிலிருந்து படிக்கலாம். கோப்பை மூடும் கட்டளையால் சாக்கெட்டையும் மூடலாம்.

பிழைகளுக்கு என்ன செய்தார்கள்? யூனிக்ஸில் ஏற்கெனவே ஒரு பிழைப் பட்டியல் இருந்தது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அது 34 எண்ணோடு முடிந்தது. அதில் வலையமைப்புப் பிழை ஒன்றுகூட இல்லை. பெர்க்கிலிக் குழுவினர் 35இலிருந்து தொடர்ந்து எழுதினார்கள். முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, 48. இணைப்பு எதிர்ப்புறத்தால் முறிக்கப்பட்டது, 54. காலம் கடந்துவிட்டது, 60. இணைப்பு மறுக்கப்பட்டது, 61. பெயர்ப் பதிவேட்டில் அடுத்த வரியில் எழுதுவதுபோல் எழுதிய எண்கள் இவை. அவற்றுக்கு வேறு பொருள் எதுவும் இல்லை.

3. லினக்ஸின் 111

1989இல் பெர்க்கிலியின் வலையமைப்பு நிரற்பகுதி தாராளமான உரிமத்தோடு தனியே வெளியிடப்பட்டது. எனினும் 1991இல் தோன்றிய லினக்ஸ் அதனை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தன் வலையமைப்புப் பகுதியைப் புதிதாகவே எழுதிக்கொண்டது. 1992இல் தொடங்கி 1994இல் முடிந்த ஒரு வழக்கு பிஎஸ்டியின் எதிர்காலத்தைக் கேள்விக்குறியாக்கியிருந்த காலம் அது.

லினக்ஸ் கட்டளைப் பெயர்களைப் பெர்க்கிலியிலிருந்து ஏற்றது, எண்களை ஏற்கவில்லை. 35 முதல் 61 வரையிலான இடங்களில் அங்கே வேறு பிழைகள் குடியேறியிருந்தன. லினக்ஸில் 61 என்றால் “தரவு இல்லை” என்று பொருள். ஆகவே சாக்கெட் பிழைகள் மேலே தள்ளிப்போய் உட்கார்ந்தன. 48 இருந்த பிழை 98 ஆயிற்று. 54 என்பது 104. 60 என்பது 110. 61 என்பது 111. கணித ஆசிரியர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள்: எல்லாவற்றிலும் வேறுபாடு 50. வரிசை குலையாமல் குடும்பமே இடம்பெயர்ந்திருக்கிறது. எல்லா எண்களும் இவ்வாறு ஒத்துவருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. பழைய யூனிக்ஸில் 11 என்பது “மீண்டும் முயல்க” என்னும் பொருளுடையது. லினக்ஸில் இன்றும் அப்படித்தான். 35 என்பது ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கும் “முட்டுக்கட்டை” நிலை. பிஎஸ்டி வழியில் பின்னாளில் இவை இடம் மாறிவிட்டன. மேக் கணினியில் 35 என்பதே “மீண்டும் முயல்க”. 11 என்பது முட்டுக்கட்டை. இரண்டு எண்களும் இரு தளங்களிலும் உள்ளன. பொருள் மட்டும் தலைகீழ். எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் நிரல் இங்கே பிழைச்செய்தி எதுவும் தராமலேயே தவறான வழியில் சென்றுவிடும்.

லினக்ஸிற்குள்ளேயும் ஒற்றுமை இல்லை. நம் மேசைக் கணினிகளில் 111 என்று வருவது, மிப்ஸ் வகைச் செயலி பொருத்திய கருவியில் 146 என்று வரும். சோலாரிஸ் இயங்குதளத்திலும் அது 146தான்.

மேக் கணினியின் கதை வேறு. பழைய மேக்கில் 1988 முதல் மேக்டிசிபி என்னும் தனிப் பொதி இருந்தது; அதன் வழிமுறைகள் பெர்க்கிலியினுடையவை அல்ல. 2001இல் வந்த மேக் ஓஎஸ் பத்தாம் பதிப்பு பிஎஸ்டி அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டது. அதனால் பெர்க்கிலியின் 61 அப்படியே மேக்கில் வந்து சேர்ந்தது.

4. விண்டோஸின் 10061

விண்டோஸ் 3.1 வெளிவந்த 1992இல் அதனோடு டிசிபி/ஐபி வரவில்லை. தனித்தனி நிறுவனங்கள் அதை விற்றன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கட்டளைகளை வைத்திருந்ததால், ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. 1991 அக்டோபரில் நடந்த இன்டெராப் மாநாட்டில், மார்ட்டின் ஹால் என்பவரின் முன்முயற்சியால் இத்துறையினர் ஒன்றுகூடிப் பேசினார்கள். அதன் விளைவே வின்சாக் என்னும் பொது வரையறை. முதற்பதிப்பு 1992 ஜூனிலும் 1.1 பதிப்பு 1993 ஜனவரியிலும் வெளிவந்தன. ஒன்றோடொன்று போட்டியிட்ட நிறுவனங்கள் ஒரு பொதுமொழிக்கு உடன்பட்டது அக்காலத்தில் பெரிய செய்தி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம் எழுதிய டிரம்பெட் வின்சாக்கின் துணையோடு விண்டோஸில் முதன்முதலாக இணையத்தைக் கண்டவர்கள் உலகெங்கும் பலர். 1995இல் விண்டோஸ் 95 டிசிபி/ஐபியைத் தன்னுடனேயே கொண்டு வந்தது.

வின்சாக் பெர்க்கிலியைப் பின்பற்றியது. ஆனால் விண்டோஸில் சாக்கெட் என்பது கோப்பு அன்று. அது தனி நூலகத்தில் இருந்தது. எனவே மூடுவதற்குத் தனிக் கட்டளை, தொடங்குவதற்கு முன் நூலகத்தை எழுப்பத் தனிக் கட்டளை, பிழையைக் கேட்டறியத் தனிக் கட்டளை என ஏற்பட்டன. பிழை எண்களைப் பொறுத்தவரை எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். பெர்க்கிலி எண்களோடு 10000ஐக் கூட்டினார்கள். 48 என்பது 10048 ஆயிற்று. 54 என்பது 10054. 61 என்பது 10061.

அந்த மாணவனின் திரையில் தோன்றிய எண்ணுக்குள் 1983ஆம் ஆண்டின் பெர்க்கிலி எண் மறைந்திருந்தது. மூன்று தளங்களையும் வரிசைப்படுத்தினால் இப்படி அமையும்:

முகவரி பயன்பாட்டில் உள்ளது: மேக் 48, லினக்ஸ் 98, விண்டோஸ் 10048
இணைப்பு முறிக்கப்பட்டது: மேக் 54, லினக்ஸ் 104, விண்டோஸ் 10054
காலம் கடந்தது: மேக் 60, லினக்ஸ் 110, விண்டோஸ் 10060
இணைப்பு மறுக்கப்பட்டது: மேக் 61, லினக்ஸ் 111, விண்டோஸ் 10061

5. எண் மட்டுமா வேறு?

எண்ணைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மை அன்று. நடத்தையிலும் வேறுபாடு உண்டு.

மூடிக் கிடக்கும் போர்ட்டைத் தட்டினால், எதிர்க்கணினி மறுப்பை அனுப்பிய உடனே லினக்ஸும் மேக்கும் பிழையைச் சொல்லிவிடும். விண்டோஸ் மறுப்பு வந்த பின்னும் மேலும் ஓரிரு முறை தட்டிப் பார்க்கும். ஆகவே ஓரிரு விநாடி தாமதமாகவே பிழையைச் சொல்லும். மறுமொழியே வராத நிலையில், விண்டோஸ் வழக்கமாகச் சுமார் 21 விநாடியிலும் மேக் சுமார் 75 விநாடியிலும் கைவிடும். லினக்ஸ் இரண்டு நிமிடத்துக்கும் மேல் காத்திருக்கும். ஆகவே காத்திருக்கும் நேரத்தை நிரலிலேயே குறித்துவிடுவதுதான் முறை.

நிரலை நிறுத்திய உடனே மீண்டும் தொடங்கினால் “முகவரி பயன்பாட்டில் உள்ளது” என்னும் பிழை லினக்ஸில் வரக்கூடும். முந்தைய இணைப்பின் தாமதமான பொட்டலங்கள் புதிய இணைப்பில் கலந்துவிடாதபடி டிசிபி சிறிது நேரம் காவல் இருப்பதே காரணம். முகவரியை மறுபடி பயன்படுத்தலாம் என்னும் விருப்பத்தை இயக்கினால் அங்கே தீர்ந்துவிடும். அதே விருப்பத்தை விண்டோஸில் இயக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் போர்ட்டில் இன்னொரு நிரலும் வந்து அமர்ந்துகொள்ளலாம். இதனைத் தடுக்கவே விண்டோஸ் என்டி 4.0இன் நான்காம் திருத்தப் பொதியில் தனியுரிமை கோரும் வேறொரு விருப்பம் சேர்க்கப்பட்டது. பெயர் ஒன்றாயிருந்தும் பொருள் வேறாகிவிட்ட இடம் இது.

6. பிழை சொல்வதைக் கேட்பது எப்படி?

கணினி அறைப் பொறுப்பில் உள்ள ஆசிரியர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

“மறுக்கப்பட்டது” என்பது உண்மையில் பாதி நற்செய்தி. ஓர் அடுக்குமாடி வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டினோம்; “அப்படி ஒருவரும் இங்கு இல்லை” என்று மறுமொழி வந்தது. முகவரி சரி, பாதை சரி, கணினி விழித்திருக்கிறது. அந்தப் போர்ட்டில் கேட்கும் நிரல்தான் இல்லை. மறுமுனையில் நிரல் தொடங்கியதா, போர்ட் எண் சரியா என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

“காலம் கடந்தது” என்றால் எவரும் மறுமொழி கூறவில்லை. முகவரி தவறாயிருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், தீயரண் சத்தமின்றித் தடுத்திருக்கலாம். 2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் திருத்தப் பொதி தீயரணை இயல்பாகவே இயக்கி வைத்தது. அதுவரை “மறுக்கப்பட்டது” என்று உடனே சொன்ன கணினிகள் அதன்பின் மௌனம் சாதிக்கலாயின. ஆகவே விண்டோஸ் கணினியை மறுமுனையாகக் கொண்டால் முதலில் தீயரணைப் பார்ப்பது நலம்.

“முறிக்கப்பட்டது” என்றால் பேச்சு தொடங்கி, இடையில் எதிர்ப்புறம் அறுத்துவிட்டது. எதிர்ப்புற நிரல் இடையில் நின்றுவிட்டதா என்று அங்கே சென்று பார்க்க வேண்டும். “முகவரி பயன்பாட்டில் உள்ளது” என்றால் கோளாறு நம் கணினியிலேயே உள்ளது. மாணவர் கணினியைத் தொடவே வேண்டாம்.

நான்கு பிழைகளும் நான்கு இடங்களைக் காட்டுகின்றன. எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, எந்த இடத்தைக் காட்டுகிறது என்று அறிவதே பயன் தரும்.

7. பெயரே நிலையானது

இக்குழப்பத்தை அறிஞர்கள் அறியாமல் இல்லை. போசிக்ஸ் என்னும் பொதுத்தரம் பிழைகளுக்குப் பெயரை வரையறுத்தது, எண்ணை வரையறுக்கவில்லை. 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் சாக்கெட்டுகளும் அத்தரத்திற்குள் வந்தன. எண்ணை எந்தத் தளமும் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்; பெயர் மாறக்கூடாது. 2012 செப்டம்பரில் வெளிவந்த பைத்தான் 3.3 இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அந்துவான் பித்ரூ என்பவரின் முன்மொழிவின்படி, “இணைப்பு மறுக்கப்பட்ட பிழை” என்பதற்குத் தனி வகையே ஏற்படுத்தப்பட்டது. 61, 111, 10061 எதுவாயினும் நிரலுக்குள் அந்த ஒரே பெயரில்தான் வரும்.

அதாவது, நான் நிரல் எழுதியதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே தீர்வு வந்துவிட்டது. பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து எண்ணை எழுதி வைத்தது நான். என் நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. 111 என்னும் எண்ணை நீக்கிவிட்டுப் பெயரை எழுதினேன். அவ்வளவுதான்.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை எழுப்பி நிற்க வைத்து, “நேற்றுத் தவறு செய்தவன் நான், நீ சொன்னது உண்மை” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். கரும்பலகையில் மூன்று எண்களையும் எழுதிக் காட்டினேன். அவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஐயா, மூன்றும் ஒன்றில்தான் முடிகிறது” என்றான். அதை நான் அதுவரை கவனிக்கவில்லை. 50ஐயும் 10000ஐயும் கூட்டிய கணக்கை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் பிழைச்செய்தி தோன்றியதும் “என்ன செய்தாய்?” என்று பிள்ளையைக் கேட்பது நம் எல்லாருக்கும் வழக்கம். அதற்குமுன் “என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்” என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அந்த வரியிலேயே இருக்கும். சில வேளைகளில் அது நம் தவற்றையும் காட்டும்.

உங்கள் பள்ளிக் கணினி அறையிலும் இத்தகைய அனுபவங்கள் நேர்ந்திருக்கலாம். எழுதினால் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்.